சீட்டுத் தையல் போட்ட படகு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நான், அம்மா, கடையிலிருக்கிற தையல் மெஷின் மூவரும் சௌக்கியம், அதில் மெஷினுக்கு மட்டும்தான் எண்ணெய் போட ஆளிருக்கிறது. அங்கே நீயும் மருமகளும் உன் மாமனாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மாமனாரை ஏன் சேர்த்தேன் என்றால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மாடிக்குக் குடிவந்த வாத்தியார் நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார், எங்கே கொண்டுபோகிறார் என்றுதான் தெரியவில்லை.

ஏரிக்குப் போய்வந்த கதையைப் போனில் சொன்னாய், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மரச்சட்டத்தில் தார்ப்பாய் தைத்து வீட்டிலேயே செய்த கயாக் படகைப் பைக்குக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இரண்டு நாள் மலைப்பாதையில் போனதும், நடு ஏரியில் அடியில் தண்ணீர் கசிந்ததும், திருட்டுப் போய்விடும் என்று கூடவே வைத்திருந்த ஹெல்மெட்டால் மாமனார் மொண்டு மொண்டு ஊற்றியதும் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. மாமாதான் மரச்சட்டம் வளைக்கச் சொல்லிக்கொடுத்தார், மாமாவும் நானும் துடுப்பு செதுக்கினோம் என்று நீ வாரா வாரம் சொல்லும்போது வயிறு எரியும். மரக்கடை வச்சிருந்தவருக்கு மரம் தெரியாதா என்பாள் அம்மா. முப்பத்தொரு வருஷமாக ஊரிலுள்ள பைக்குக்கெல்லாம் சீட் கவர் தைக்கிறேன். நான் தைத்த சீட்டில் யார் யாரோ எங்கெங்கோ போய்வந்தார்கள், நான் வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. உன் பைக்குக்கும் அளவு கேட்டுத் தைத்துப் பார்சலில் அனுப்பினேனே, பின் சீட்டில் இரண்டு அடுக்கு பஞ்சு கூடுதலாக வைத்தேன். நான் வரும்போது இடுப்பு வலிக்கக் கூடாது என்றுதான் வைத்தேன். அதில் சம்பந்தி ஜம்மென்று உட்கார்ந்து போகிறார். சீட் சொகுசா இருக்கு என்று வேறு சொன்னாராம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் படகின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, தார்ப்பாய்த் தையல் எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒற்றைத் தையல், தண்ணீருக்குத் தாங்காது. ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டு மெழுகு தேய்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க மாமா பார்த்தாரா என்று கேட்டேன், பார்த்து நல்லாயிருக்குன்னார்ப்பா என்றாய், அப்போ சரிதான் என்று போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் நனையட்டும், அப்போதாவது அப்பன் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். பெற்றவன் செய்கிற காரியமா இது. உனக்கு நீச்சல் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. என்னை மன்னித்துவிடு.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் வந்து, நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறாய். அது என் முடிச்சு, ஊரில் வேறு எவனும் அப்படிப் போடமாட்டான். பள்ளிக்கூடம் விட்டுவந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அப்போது பார்த்ததாகத்தான் இருக்கும். சீட்டுக்கு ஒற்றைத் தையல் போதும், அதையே படகுக்கும் போட்டிருக்கிறாய். தண்ணீர் என் தையல் வழியாகத்தான் வந்திருக்கிறது, நான் சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெழுகு நூல் ஒரு கண்டு, வளைந்த ஊசி இரண்டு, மாதிரிக்கு மடித்துத் தைத்த துண்டு ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். பழையதைப் பிரித்துவிட்டுத் தை, அதன் மேலேயே தைக்காதே. முடிக்கும்வரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது, இது உத்தரவு. லைஃப் ஜாக்கெட் மறக்காதே. நான் செய்ததை மாமனாரிடம் சொல்வதென்றால் சொல், தடுக்கமாட்டேன். போகிற வழியெல்லாம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: பின் சீட்டில் அவர் உட்காரட்டும், பரவாயில்லை. அந்த முடிச்சை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.