பாத்திரத்தைக் கழுவி வைக்காதே

யெல்மர்,

பதினொரு மணிக்கு நகராட்சியிலிருந்து அந்த அம்மா வருகிறார், உனக்கு உதவிக்கு ஆள் தரலாமா என்று பார்க்க. எழுந்து காபி போடாதே, பிளாஸ்கில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிஸ்கட்.

போன தடவை ஊன்றுகோலை ஒளித்துவைத்துவிட்டு, "எல்லாம் நானே பாத்துக்குறேன்" என்று சிரித்தாய். அவர் அதையே எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே குளியலறையில் விழுந்தாய்.

பாத்திரங்களை வேண்டுமென்றே கழுவாமல் போட்டு வைத்திருக்கிறேன். அவர் பார்க்கட்டும்.

நேற்று கத்தியதற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன். பட்டாணி சூப் அடுப்பில்.

நீன்கா

பி.கு.: சைக்கிளில் பாலம் வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். உன்னைப் பார்த்துக்கொள்கிற என்னைப் பற்றியும் கேட்பார். போன தடவை நானும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அது பொய் என்று நீயே சொல்லிவிடு.