பச்சைக் கதவு

புரட்டாசி, புதன் இரவு

வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பது என்ற வரலாற்று முடிவைக் காலையில் எடுத்து, மதியத்துக்குள் நிறைவேற்றினேன். சாயங்காலம் கோர்ட் அமீனா ஜப்தி நோட்டீஸோடு வந்தார். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்திய மச்சானின் கடனுக்கு நான் ஜாமீன். எங்கள் சொந்தத்தில் ஜாமீன் கையெழுத்தும் மொய் மாதிரிதான். அவர் எனக்குப் போட்டார், நான் திருப்பிச் செய்தேன்.

"வாங்குனவர மொதல்ல கேட்டீகளா?" என்றேன்.

"அப்படிக் கேக்கணும்னு சட்டம் இல்லையே அண்ணாச்சி. அவுக பேருல ஒண்ணுமில்ல. ஒங்க பேருல வீடு இருக்கு."

மச்சானுக்குப் போன் செய்தேன். "சீசன் முடியட்டும் மாப்ள" என்றார். கம்பெனியைப் பூட்டி ஒரு வருஷமாகிறது.

"நாம எங்கன போறது?" என்று மனைவி கேட்டாள். மச்சான் அவளுடைய அண்ணன்தான்.

கதவில் பெயிண்ட் காயாததால் நோட்டீஸைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.