மாடியில் வவ்வால் கேட்டது

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். எல்லோரும் சுகம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள்: ஜெயித்துவிட்டாயடி பெண்ணே! நம் மாடியில் நீ கட்டிவைத்துப் போன கருவியில் வவ்வால் சத்தம் பதிவாகிவிட்டது.

கிராமத்துப் பதிவில் வவ்வால்கள் கொட்டிக் கிடக்கின்றன, நகரத்திலிருந்து வெறும் இரைச்சல்தான் வருகிறது, அதனால் நகரத்து ஆய்வை மூடிவிட்டு நீ இன்னும் ஒரு வருஷம் அந்தக் கிராமத்திலேயே இரு என்று உன் பேராசிரியர் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் புருஷனோ இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் உன் மாமனார் செய்த கைங்கரியம். கிடங்குக் காவலிலிருந்து ஓய்வு பெற்றும் புத்தி ஓயவில்லையே! விலை உயர்ந்த கருவியாயிற்றே, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அந்தி சாய்ந்ததும் மாடியேறி, ஆள் இருப்பது தெரியட்டும் என்று சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். தினமும்!

போன வாரம் பல்வலியில் படுத்துவிட்டார். அன்றைய பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்த உன் புருஷன், "அம்மா, இங்க வந்து பாரேன்!" என்று கத்தினான். திரையில் வழக்கமான கிறுக்கல் இல்லை, அழகழகாக வளைந்த கோடுகள், அதுதான் வவ்வால் சத்தமாம். மறுநாள் இவர் எழுந்து மாடிக்குப் போனார், மறுபடியும் கிறுக்கல். எனக்குப் பொறி தட்டியது. சாவிக்கொத்தைப் பிடுங்கிக் கருவி முன்னால் ஆட்டினேன். பதிவைத் திறந்தால் அதே கிறுக்கல்! நம் காதுக்கு எட்டாத சத்தமும் சாவியிலிருந்து வருமாம், அது வவ்வால் சத்தத்தை அமுக்கிவிட்டதாம்.

"காவல் காத்தது ஒரு குத்தமா?" என்று முறைத்தார் மனுஷன். "நல்லா காத்தீங்க, மருமகளே வீடு வந்து சேராத மாதிரி" என்று சொல்லிச் சாவியைப் பீரோவில் பூட்டினேன். அதன்பின் ஒரு சாயங்காலம்கூட வவ்வால் தவறவில்லை.

அந்தப் பதிவுகளை உன் புருஷன் அனுப்பிவைக்க, நேற்று பேராசிரியரே போன் செய்தார். தான் அவசரப்பட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். நகரத்து ஆய்வு தொடருமாம், நீ விரும்பினால் இங்கிருந்தே நடத்தலாமாம். நகரத்திலும் வவ்வால் உண்டென்று என் மருமகள் அப்போதே சொன்னாளே என்று நானும் ஒரு போடு போட்டேன். தான் காவல் காத்ததால்தான் வவ்வால் வந்தது என்று உன் மாமனார் தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறார், நீ கண்டுகொள்ளாதே.

வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொன்னான் உன் புருஷன். சொல்லிவிட்டு நேராகப் போய் உன் தலையணை உறையைத் துவைத்துப் போட்டான்.

எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். கிளம்பி வா.

உன் வரவை எதிர்நோக்கும்,
அத்தை