ஆசிட் கேனைத் திறக்க வேண்டாம்

சீத்தா கேம்ப், மும்பை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஃபர்ஸானாவுக்கு வாப்பாவின் ஸலாம். இதில் எழுதப்போவது:

1. மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கும் ஆசிட்.
2. மண்ணின் காரத்தைக் குறைக்கக் கந்தகத் தூள்.
3. இலையில் விழுந்த வெள்ளைப் பட்டை.
4. யூரியா.

நானும் உம்மாவும் இறைவன் கிருபையால் சுகம், நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, மாப்பிள்ளை அல்தாப் போனில் சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க காரம் ஜாஸ்தின்னு சொன்னீங்கள்லா, ஒரு கேன் ஆசிட் வாங்கிப் போட்டிருக்கேன், சொட்டுநீர்க் குழாய்ல கலந்து விட்டா மண்ணு வழிக்கு வந்துரும்" என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் வயல் மண்ணின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு பிஎச் எட்டரை இருக்கிறது, குறைக்க வேண்டும் என்று சொன்னவன் நான்தானே. நான் வேலை பார்த்த சாயக் கம்பெனி லேபில் ஒருவர் ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றினார், அது கொதித்து அவர் மேல் தெறித்தது, அதன்பிறகு அந்தக் கையால் தன் மகளுக்குத் தலை வார அவரால் முடியவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது பாதி மறந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கேனைத் திறக்க வேண்டாம்.

காரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் கந்தகத் தூளைத் தூவி உழுதுவிடுங்கள், அது மண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட்டாக மாறி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் யாருடைய கண்ணையும் பறிக்காது. உங்கள் ஊரிலிருந்து பக்கத்து வீட்டுத் தௌசீப் ரயிலில் கொண்டுவந்த பையில் நீ வைத்திருந்த மக்காச்சோள இலையும் ஒரு பிடி மண்ணும் வந்து சேர்ந்தன. உம்மா, "கருவாடு வரும்னு பாத்தா களிமண்ணு வருது, நல்ல மவ" என்றாள், ஆனால் அந்த மண்ணை ஒரு தட்டில் பரப்பி அடுப்படி ஜன்னலில் காய வைத்ததும் அவள்தான். இலையில் நடு நரம்புக்கு இருபுறமும் வெளுத்திருக்கிறது. துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் காரம் அதைப் பயிருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், எனக்குத் தெரிந்தது பாட்டிலில் இருப்பதுதான், மண் அல்ல, ஆகவே வேளாண் அலுவலகத்தில் இலையைக் காட்டிக் கேள். அவர்களும் அதையே சொன்னால் துத்தநாக உப்பான ஜிங்க் சல்பேட்டை அவர்கள் சொல்லும் அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். டிஏபி உரத்தோடு ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். யூரியாவை மேலாகத் தூவிவிட்டுப் போனால் இந்த மாதிரி மண்ணில் பாதி காற்றோடு போய்விடும், மண் அணைத்து உடனே தண்ணீர் விடுங்கள்.

இவ்வளவும் எழுதி மடிக்கப் போனபோது அடுப்படியிலிருந்து உம்மா, "ஏங்க, ஓடி வாங்க, ஒங்க மவ மண்ணு பொங்குதுங்க" என்று கத்தினாள். மீனுக்குப் பிழிந்த எலுமிச்சைச் சாறு தட்டில் சொட்டியிருக்கிறது. வேறொரு சிட்டிகை மண்ணில் நானும் பிழிந்து பார்த்தேன், அதுவும் நுரைத்தது. புளிப்புப் பட்டதும் மண் இப்படி நுரைத்தால் அத்தனையும் சுண்ணாம்பு, மகளே. எவ்வளவு கந்தகம் போட்டாலும் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும். கந்தகத்துக்கு அடங்காத மண் ஒரு கேன் ஆசிட்டுக்கா அடங்கப்போகிறது? மண்ணை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பயிருக்கு வேண்டியதைக் கொடுங்கள். கேனை மூடியோடு கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையை எனக்கு ஒரு போன் போடச் சொல், மறந்துவிடாதே. உங்கள் கண்ணையும் கையையும் அல்லாஹ் காப்பானாக. இரண்டாவதாக எழுதியது தவறு, அடித்துவிடு.

உன் வாப்பா
முகைதீன்