புறங்கையில் ஒரு தட்டு

2025 ஜூலை 3, வியாழன்
இன்றும் பின்னேர அஸர் தொழுகையில் அவர் மூன்றாவது றக்அத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அஸருக்கு நாலு சுற்று வேண்டும். முழங்கால் வீங்கியதிலிருந்து பள்ளிக்கு நடக்க ஏலாமல் வீட்டில்தான் தொழுகை. முன்னால் நின்று தொழுவிக்கும் இமாம் அவர், பின்னால் பெண்சாதி நான் ஒருத்தி. இமாம் பிழைவிட்டால் ஆண்கள் வாயால் உணர்த்துவார்கள், பெண்கள் புறங்கையில் தட்ட வேண்டும். தட்டினேன். எழும்பினார். இந்தக் கிழமைக்குள் இது மூன்றாம் தடவை.

கிண்ணியாவில் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். எனக்கா நாலு வரைக்கும் எண்ணத் தெரியாது? அவருக்கு எழுபத்திரண்டு. துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய காலத்தில் ஒரு பெட்டியைக்கூட இடம் மாறி இறக்கியதில்லை என்று பெருமையடிப்பார். அந்த மனிதருக்கு இப்படி.

ஜூலை 5, சனி
அஸர் தொழுது அரை மணி ஆகவில்லை, அறைக்குள் போனால் தனியே மறுபடி தொழுதுகொண்டிருக்கிறார். அஸருக்குப் பிறகு மேலதிகமான சுன்னத்துத் தொழுகையும் கிடையாது. தொழுததையே மறந்துவிட்டாரா? கேட்கவில்லை. கேட்டால் முகம் வாடிப்போகும்.

ஜூலை 8, செவ்வாய்
குசினி அடுப்பில் கேத்தல் தண்ணி வற்றிக் கருகிக் கிடந்தது. வைத்தது நானில்லை. அப்படியென்றால் அவர்தான்.

ஜூலை 12, சனி
மூதூரிலிருந்து மகள் சப்ரினா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டொக்டரிட்ட காட்டுவம் உம்மா" என்றாள். அவரிடம் கதையை எடுத்தால், "உன்ட உம்மா லைலாவும் காட்டட்டும். அவ காட்டினாத்தான் நானும் வருவன்" என்று ஒரே பிடிவாதம். சின்னப்பிள்ளைக்குணம். சரி, துணைக்கு நானும் பரீட்சை எழுதுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்
திருகோணமலைக்குப் போய் வந்தோம். டொக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கதைத்துவிட்டுத் திரும்பக் கேட்டார். மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் – அதில் நான் ஓட்டமாக ஓடினேன்.

சொற்களில் அவருக்கு ஐந்தும் வந்தன. எனக்கு நங்கூரம், கதிரை. அவ்வளவுதான். மற்ற மூன்றையும் டொக்டர் திரும்பச் சொன்னபோதும், அவற்றை முன்பு கேட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"வயசு போனா பேர்கள் பிந்தி வரும், அது பரவாயில்ல. கேட்டதே பதியாமப் போறது வேற" என்றார். சீனி வருத்தமும் இரத்தப் பிறசரும் நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால் மூளையையும் பாதிக்குமாம். எனக்கு இரண்டும் உண்டு. இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு சொல்லலாமாம்.

எனக்கா? எனக்கென்னத்துக்கு? தாளை மாத்திப் பாத்திட்டாங்களோ –

ஜூலை 23, புதன்
காலையில் தேத்தண்ணியோடு அவர் முன்னால் இருந்து நேரே கேட்டேன், ஏன் இரண்டாம் தரம் தொழுதீர்கள் என்று. கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ தட்டினா நான் எழும்புவன். அப்ப அஞ்சாப் போயிடும். அந்தத் தொழுகை செல்லாதே. அதான் திரும்பத் தொழுதன்."

"அஞ்செண்டு தெரிஞ்சும் ஏன் எழும்பினீங்க?"

"முதல் நாள் எனக்கே சந்தேகம். பிறகுதான் விளங்கிச்சு. உன்னட்ட எப்பிடிச் சொல்ற? நீ கணக்கு டீச்சர்."

கேத்தலையும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். வைத்ததும் நான்தான்.

அழுதேன். பாதி வெட்கம், பாதி அவர்மேல் இரக்கம். வீங்கிய முழங்காலோடு நாலுக்குப் பதில் ஒன்பது றக்அத். இந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வருகிறது.

ஜூலை 25, வெள்ளி
சோதனைக்கு இரத்தம் கொடுத்தாயிற்று.

ஜூலை 30, புதன்
அஸரில் அவர் உட்கார்ந்தபோது என் கணக்கில் மூன்றுதான். சத்தியமாக மூன்று. கை தானாக எழும்பியது. அதைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தோம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு குசினியில் நின்று அரை மணி நேரம் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பத் தொழவில்லை. முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருந்தார்.