சேவல் சேராத வான்கோழிக் குஞ்சு

மம்சாபுரம்
12.2.2025

அன்புத் தங்கச்சி கனகலட்சுமிக்கு,

அக்கா வெள்ளத்தாய் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உன் சுகத்தைக் கேட்க மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நீ வாரத்துக்கு, குஞ்சில் பங்கு பேசி, வளர்க்கத் தந்த வான்கோழி அடைகாத்ததில் மற்ற முட்டையெல்லாம் கூழாகிவிட்டது. ஒன்று மட்டும் பொரித்தது. உன் மகன் சுந்தரபாண்டியன் வாசலில் நின்று, "எங்க சேவல விட்டா குஞ்சுல பாதி குடுக்கணுமின்னு, களவா வேற சேவலச் சேத்தியளோ பெரிம்மா?" என்று தெருவே கேட்கக் கத்தினான். உன் கோழி இங்கே குஞ்சாய் வந்தது முதல் சேவலின் நிழலைக்கூடக் கண்டதில்லை. முன்பு இப்படித்தான் அம்மாவின் கம்மலை நான் எடுத்தேன் என்று நீ பழி சொன்ன அன்றைக்கு நீ உடுத்தியிருந்த பச்சைச் சேலைகூட எனக்கு மறக்கவில்லை.

போனில் பேசினால் கத்துவாய். எழுது.

வெள்ளத்தாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.2.2025

அக்காவுக்கு,

சேவல் இல்லாமல் குஞ்சா? யாருக்கு அக்கா காது குத்துகிறாய்? கம்மல் அரிசிப் பானையில் கிடைத்ததும் சொல்லிவிட்டேனே, இன்னுமா? ஆவணியில் உன் பேத்தி கல்யாணத்துக்கு நான் வரணும் என்றால் உண்மையைச் சொல்.

கனகு

மம்சாபுரம்
28.2.2025

கனகு,

குஞ்சை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வான்கோழியில் எப்போதாவது முட்டை தானாகவே கருப்பிடிக்குமாம். முக்கால்வாசி உள்ளேயே அழியும். பிழைப்பதெல்லாம் சேவல்தானாம், ஒன்றுகூடப் பொட்டை கிடையாதாம். அப்பன் பக்கம் எதுவும் சேராமல் தாயிடம் இருந்ததே ரெட்டிப்பாய் இறங்குவதால், அவளிடம் மறைந்திருந்த குறை குஞ்சில் வெளியே வந்துவிடுமாம். இதற்குக் கால் வளைந்துதான் இருக்கிறது.

பொட்டையானால் நான் பொய்க்காரி. சேவலானால் கல்யாணத்துக்கு நீ முதல் ஆளாய் வரணும்.

வெள்ளத்தாய்

மம்சாபுரம்
9.7.2025

ஏட்டி கனகு,

நொண்டிக்கொண்டே வாலை விசிறியாய் விரித்துவிட்டது. சேவல்! இப்போ என்ன சொல்லுத?

வெள்ளத்தாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.7.2025

அக்காவுக்கு,

களவாய்ச் சேர்த்துப் பொரித்தால் மட்டும் சேவல் பிறக்காதா? பாதிக்குப் பாதி சேவல்தானே. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. நீதான்.

கனகு

மம்சாபுரம்
20.7.2025

கனகு,

நீ கேட்டது சரிதான் என்று என் பேத்தியே சொல்கிறாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பக்கத்து வீட்டு வல்லரசு ஆட்டோவில் உன் கோழி வருகிறது. தனியறையில் அடைத்து, சாவியை நீயே இடுப்பில் செருகிக்கொள். உன் சேவலை அண்டவிடாதே. இடுகிற முட்டையை எல்லாம் அடை வைத்து, ஒரு வாரம் கழித்து உடைத்துப் பார். ஒன்றிலாவது ரத்த நரம்பு ஓடியிருந்தால் எனக்கு எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு வா. நேரில் வந்து தாம்பாளத்தில் பத்திரிகை வைக்க என்னால் முடியாது. கோழிக்கூடைக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்.

நொண்டியை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் பங்கு கேட்டு அப்பன் வீட்டிலிருந்து எவனும் வரமாட்டான்.

வெள்ளத்தாய்