பயிற்சியாளரிடம் சொன்ன பொய்

அன்புள்ள அத்தானுக்கு,

புனித யாகப்பர் காவலில் நீங்களும் மகள் அனற்றாவும் சுகமாக இருப்பீர்கள். எனக்குத் தொண்டை மட்டும் அடைத்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, கத்தியதால் வந்தது.

இந்த வெளிநாட்டில் நான் உடுப்புத் தோய்த்துக் கொடுக்கும் பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் ஞாயிற்றுக்கிழமை வென்று முதற்பிரிவுக்கு ஏறிவிட்டது. பயிற்சியாளர் பிறிகிற்றா பதினான்கு வருடம் இதே கழகத்துக்கு விளையாடியவர். முழங்கால் நொறுங்கியபோது, இனி நடந்தாலே பெரிய காரியம் என்றார்களாம் வைத்தியர்கள். அவரோ ஊன்றுகோலோடு மைதானத்துக்குத் திரும்பி வந்து பயிற்சி கொடுக்கத் தொடங்கினாராம். இருபது வருடம் கழித்து, அன்றைக்கு அவர் நொண்டி நொண்டி நடுவுக்கு நடந்தபோது எட்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். நான், கோயில் திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் யாகப்பரின் சுரூபம் வரும்போது நிற்பதுபோலக் கைகூப்பி நின்றுவிட்டேன்.

பிறகு, அழுக்கு உடுப்பு எடுக்கப் போன என்னைப் பிறிகிற்றா கட்டிப்பிடித்து, "உம்மடை மகளும் பந்தடிக்கிறவளோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

பந்தடிக்கப் போகிறேன் என்று அனற்றா ஆசையாகக் கேட்டபோது, "பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்தென்னத்துக்கு?" என்று நீங்கள் மறித்ததும், நான் பேசாமல் இருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கூழ் காய்ச்ச ஒடியல் மா கொடுத்துவிடுங்கள், ஒருத்திக்குக் காணும் அளவு. வேலைக்கு நேரமாகிவிட்டது. இது கிடைத்ததும் அனற்றாவைப் பள்ளிக்கூட அணியில் சேர்த்துவிடுங்கள், அத்தான். அந்த மனுசிக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க எனக்கு மனமில்லை.

உங்கள்
ஜெனிற்றா